நோய்க்கு முன்னால் வந்த பழி: ஒரு பழக்கடைக்காரனின் அனுபவம்

2020 ஏப்ரல் மாதம் எங்கள் ஊரில் ஒருவருக்குக்கூடக் கொரோனா வந்திருக்கவில்லை. ஆனால் அதைப் பரப்புகிறவன் என்ற பெயர் மட்டும் எனக்கு வந்துவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகளில் பாதிக்குமேல் பூட்டித்தான் கிடக்கும். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி என் அத்தா ஆரம்பித்த பழக்கடையை அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். முஸ்லிம்களான எங்களைப் போல ஒரு கூட்டத்தின் மேல் மொத்தமாகப் பழி விழும்போது, அந்தக் கூட்டத்தில் ஒருவன் தனி ஆளாக என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்போது யாராவது சொல்லியிருந்தால் பணம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், மனசு நிறையவே மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் நடுவில் பள்ளிக்கூடங்களை மூடியதும் என் மனைவியும் பிள்ளைகளும் இளையான்குடியில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். 24-ஆம் தேதி மாலை ஊரடங்கு வந்தது, அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் இங்கே. முதல் வாரம் வியாபாரம் நன்றாகவே நடந்தது. எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று எலுமிச்சையையும் சாத்துக்குடியையும் கிலோ கிலோவாக வாங்கிப் போனார்கள். கோடைக்காலம், ஏப்ரல் கடைசியில் நோன்பும் தொடங்கப் போகிறது, அதை நம்பி தர்பூசணி, கிர்ணி, சாத்துக்குடி, ஆப்பிள் எல்லாம் திருச்சியிலிருந்து பெரிய லோடாக இறக்கினேன். பாதிப் பணம் கடன்.

மார்ச் 31-க்குப் பிறகு எல்லாம் மாறியது. டெல்லி நிஜாமுதீனில் நடந்த, தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமியப் பிரச்சார அமைப்பின் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தொற்று என்ற செய்தி அன்றிலிருந்து தொலைக்காட்சியில் ஓயவே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து சுமார் 1,500 பேர் போயிருந்தார்கள் என்றது அரசு. தினமும் மாலையில் வரும் எண்ணிக்கையில் ‘டெல்லி மாநாடு’ என்று தனிக் கணக்கு. என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அந்த 1,500 பேரில் ஒருவர். அவரே போன் செய்து சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லி, ஆம்புலன்ஸில் ஏறிப் போனார். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் மாமியார் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். என் மனைவி, பிள்ளைகள் உட்பட மொத்தக் குடும்பமும் உள்ளே. அவர்கள் ஊருக்குப் போன நாளிலிருந்து நான் அவர்களைப் பார்க்கவே இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் யாரும் தயாராக இல்லை.

ஆரம்பத்தில் எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. எல்லோரும் எல்லோரிடமும் தள்ளித்தான் நின்றார்கள். காசை நுனி விரலால் வைப்பதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நோய் பயமா, வேறெதுவுமா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அந்தக் குழப்பம்தான் முதல் சித்திரவதை. நாமே கற்பனை செய்கிறோமோ என்று நம்மேலேயே சந்தேகம் வரும். பத்து வருடமாகத் தினமும் பூவன் பழம் வாங்கும் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் என் கடையைத் தாண்டிப் போய், எதிர்க் கடையில் கொஞ்சம் கறுத்துப்போன சீப்பை வாங்கிக்கொண்டு திரும்பும்போது என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் சந்தேகம் போனது. அப்புறம் ஒருவர் நேராகவே கேட்டார்: “பாய், உங்க ஆளுங்க டெல்லிக்குப் போய்ட்டு வந்தாங்களாமே, ஏன் இப்படிப் பண்றீங்க?” கேட்டவர் கெட்டவர் இல்லை. என் அத்தா மௌத்தானபோது, அதாவது இறந்தபோது, முதல் ஆளாக வந்து நின்றவர். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

இரண்டு நாளில் ஒரு வீடியோ வந்தது. தாடி வைத்த ஒரு பழ வியாபாரி விரலை நாக்கில் தொட்டுப் பழங்களை அடுக்குகிறார். எச்சில் தடவி நோய் பரப்புகிறார்கள் என்று எழுதி ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அது மத்தியப் பிரதேசத்தில் ரைசேன் என்ற ஊரில், இந்த டெல்லிச் செய்தியெல்லாம் வருவதற்கு முன்பே, பிப்ரவரியில் எடுத்தது என்று உண்மை சரிபார்ப்பவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த மறுப்பு எங்கள் ஊர் குழுவுக்கு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு ஆடியோ வந்தது: பஸ் ஸ்டாப் பழக்கடை பாயின் மச்சான் டெல்லி போனவன், குடும்பமே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, இவன் மட்டும் எச்சில் பழம் விற்கிறான், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். இரண்டு உண்மைக்குப் பின்னால் ஒரு பொய்யை வைத்தால் அதை மறுக்கவே முடியாது என்பதை அன்றுதான் அனுபவித்தேன்.

இப்படி ஒன்று உங்களைக் குறித்து வந்தால் கோபத்தில் பதில் போடும் முன்னால் முதலில் அதைப் பாதுகாத்து வையுங்கள். ஆடியோவை இறக்கி வைத்து, அனுப்பியவரின் எண், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்து, ஊருக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பியவர் அழித்துவிட்டால் பிறகு ஒன்றுமே மிஞ்சாது. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் வாயால் “பார்த்துக்கிறோம்” என்பதோடு திரும்பாமல் மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். சமூகங்களுக்கிடையே பகையை மூட்டுவதற்கு அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 505 பிரிவுகள் இருந்தன. இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 353. பிரிவு எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவரின் தொனி மாறும். நான் மனு கொடுத்தேன், ரசீதும் வாங்கினேன். வழக்கு நடக்கவில்லை. ஆனால் அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தது எனக்குப் பெரிய பலம்.

அந்த வாரத்திலேயே ஒரு அதிகாரி வந்து, “கொஞ்ச நாளைக்குக் கடையை மூடிக்கங்க பாய், உங்க நல்லதுக்குத்தான்” என்றார். அத்தியாவசியப் பொருள் கடைகள் காலை 6 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை திறக்கலாம் என்று அரசாணை இருந்தது. எதிர்க் கடைக்கும் இதே உத்தரவா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் எனக்கு மட்டும் எழுத்தில் கொடுங்கள், மூடிவிடுகிறேன் என்றேன். எந்தத் தாளும் வரவில்லை. உங்கள் நல்லதுக்கு என்று சொல்லி உங்களை மட்டும் ஒதுங்கச் சொன்னால், சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல், எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வி நிறைய விஷயங்களை நிறுத்தும்.

ஆனால் திறந்து வைத்த கடைக்கு ஆள் வராவிட்டால் சட்டம் என்ன செய்யும்? தர்பூசணி வெளியே பச்சையாகத்தான் இருக்கும். அடியில் கை வைத்தால் ஒரு இடம் மட்டும் தொளதொளவென்று அமுங்கும், அப்போதே உள்ளே புளித்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு காலையும் குவியலை அழுத்திப் பார்த்து அமுங்கியதை ஒதுக்கி, மாட்டுக்குக் கொடுக்கலாம் என்று பால்காரரைக் கூப்பிட்டேன். அவர் தயங்கிவிட்டு, “வேணாம் பாய், யாராச்சும் பார்த்தா பால் வாங்க மாட்டாக” என்றார். அந்த ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மாடு தின்னக்கூட என் பழம் ஆகாதா என்று அழுதேன். ஆண்பிள்ளை அழுததை எழுதக் கூடாது என்பார்கள். எழுதத்தான் வேண்டும். பழி சுமக்கிறவனுக்கு முதலில் போவது தூக்கம், அப்புறம் பசி. அதைக் கவனிக்காவிட்டால் மற்ற எதையும் சமாளிக்க முடியாது. போனில் தினமும் ஒருவரிடமாவது நோய் அல்லாத, பழி அல்லாத வேறு ஏதாவது பேசுங்கள்.

தூக்கம் வராத அந்த ராத்திரிகளில்தான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் எண்ணிக்கையைப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு நாட்டில் பரிசோதனை மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள், கடுமையான மூச்சுத் திணறலோடு படுத்தவர்கள் என்று சிலருக்குத்தான் எடுத்தார்கள். இந்த நிலையில் ஒரு கூட்டத்தாரை மட்டும் வீடு வீடாகத் தேடிப் பிடித்துச் சோதித்தால், கண்டுபிடிக்கப்படும் தொற்றில் அவர்கள் பங்குதானே பெரிதாகத் தெரியும்? அந்தக் கூட்டத்தில் நோய் பரவியது உண்மை. தேடிப் பிடித்தது நோயைக் கட்டுப்படுத்தத் தேவையும்கூட. ஆனால் தேடிய இடத்தில் கிடைத்ததை வைத்து, தேடாத இடத்தில் இல்லவே இல்லை என்று முடிவு கட்டியது எங்கள் தலையில் விடிந்தது. எங்கு தேடினார்கள், யாரைத் தேடினார்கள் என்று கேட்காமல் இன்று எந்தச் சமூகத்தின் குற்றக் கணக்கைப் பார்த்தாலும் நான் நம்புவதில்லை.

இன்னொன்று என்னை உலுக்கியது. ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது யூதர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்லி, 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கானவர்களைத் தீயிட்டுக் கொன்றார்கள். அன்று அந்த நகருக்கு நோய் இன்னும் வந்தே சேரவில்லை. 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம் நடந்த பிறகு ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் ஊரில் உலவிய வதந்திகளைச் சேகரித்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் ஆகாத இடங்களிலும் இன்னும் பெரிய அழிவு வரப் போகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. பயம் முதலில் வந்துவிடுகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் முகமும் தேடுவது அதற்குப் பிறகு. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பார்த்து எவ்வளவு நேரம் பயப்பட முடியும்? தாடியும் தொப்பியும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவனிடமிருந்து தள்ளி நின்றால் தப்பித்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி. நோயே இல்லாத எங்கள் ஊரில் ஏன் அவ்வளவு கோபம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை. ஆனால் நான் என்ன செய்தேன் என்று என்னையே குடைந்துகொள்வது நின்றது.

வியாபாரிகளில் என்மேல் உண்மையான அக்கறை உள்ள ஒருவர் ஒரு யோசனை சொன்னார். ‘எனக்கும் டெல்லி மாநாட்டுக்கும் சம்பந்தம் இல்லை, நான் அந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவன் இல்லை’ என்று கடை முன்னால் எழுதி வைக்கச் சொன்னார். கேட்டவுடன் நியாயமாகத்தான் தோன்றும். நான் வைக்கவில்லை. அப்படி வைத்தால், அங்கே போனவன் எல்லாம் குற்றவாளிதான், நான் மட்டும் விதிவிலக்கு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குள் என் மச்சானோடு என் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரை எடுத்துப் பலிக்கு விட்டுவிட்டு நான் நல்ல பிள்ளை ஆவதா? இது உறவுப் பாசம் மட்டும் இல்லை, நடைமுறையிலும் அது பலிக்காது. இன்று ‘அவர்கள் வேறு, நான் வேறு’ என்று கோடு போட்டால் நாளை கோடு இன்னும் உள்ளே நகரும். நல்லவன் என்று தினமும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கூட்டத்திலிருந்து இன்னொருவரைக் காட்டிக்கொடுத்து உங்களைக் காப்பாற்றிக்கொள்ள முயலாதீர்கள்.

திருப்பம் ஒரு ஆச்சியிடமிருந்து வந்தது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு சமையல்கார அம்மாவோடு தனியாக இருக்கிறவர். போன் செய்து, “தம்பி, சாத்துக்குடி ரெண்டு கிலோ வேணும், நீங்களே கொண்டாங்க” என்றார். முகப்பில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். பையை அதில் வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, “நீங்க ஏன் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரல?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க அப்பச்சி பெகுல கொண்டுவிக்கப் போயிருந்தாக. அவுகளையும் இப்படித்தான் சொன்னாகளாம்” என்று ஆரம்பித்தார். பெகு பர்மாவில் ஒரு ஊர்; கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் தாண்டித் தொழில் செய்யப் போவது.

அவர் சொன்னதை வைத்து நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. 1930 வாக்கில் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தபோது பர்மாவில் நெல் விலை பாதாளத்துக்குப் போனது. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், அங்கே நடத்திய வட்டிக் கடைகளில் நிலத்தை வைத்துக் கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு வேண்டியது பணம்தான். ஆனால் வந்து சேர்ந்தது நிலம். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது. சில வருடங்களில் அது 25 சதவீதமானது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் துயரம் நிஜம். நெல் விலையை விழவைத்த உலகச் சந்தை அவன் கண்ணுக்குத் தெரியாது. கடன் கொடுக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் தெரிவார். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் மூட்டை தூக்கிய தெலுங்குத் தொழிலாளர்கள், ஒரு செண்ட் நிலத்துக்கும் சொந்தக்காரர்கள் இல்லை. 1938-இல் மறுபடி கலவரம், அதில் முஸ்லிம்கள் குறி. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காடு மலை தாண்டி நடந்து வந்தார்கள். மிச்சம் இருந்தவர்களையும் 1962-க்குப் பிறகு நே வின் ராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கிக் கப்பலேற்றியது. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. எங்கள் ஊர் வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு. அந்தத் தூணுக்குக் கீழே உட்கார்ந்துதான் என்மேல் பழி போட்ட ஆடியோவையும் கேட்டிருப்பார்கள்.

ஆச்சி பழம் வாங்கியதோடு விடவில்லை. தெரிந்த நாலைந்து வீடுகளுக்குப் போன் செய்து, பாயிடம் வாங்கினேன், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மதநல்லிணக்கம், மனிதநேயம் என்று எதையும் பேசவில்லை. அங்கிருந்துதான் வழி தெரிந்தது. குழுவில் எழுதி எந்தப் பழியையும் கரைக்க முடியாது; அங்கே எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் பின்வாங்க மாட்டார்கள். தனித்தனியாகப் பேசினால்தான் ஆள் வெளியே வருவார். வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்க ஆரம்பித்தேன். ஆடியோ அனுப்பியவருக்கும் ஒரு மாலையில் நானே போன் செய்தேன். திட்டவில்லை. “அண்ணே, என் கடையில் நீங்க என்ன பார்த்தீங்க, சொல்லுங்க, திருத்திக்கிறேன்” என்றேன். நீண்ட நேரம் பேச்சில்லை. “எனக்கு வந்ததை அனுப்பினேன் பாய்” என்றார். அன்று இரவே அதை அழித்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கு மிக நெருக்கமானவரை முதலில் தேடாதீர்கள், அவருக்கும் ஊர் பயம் இருக்கும். ஊர் பேச்சு பாதிக்காத இடத்தில் இருக்கிற ஒருவரைத் தேடுங்கள்: வயதானவர், மருத்துவர், வெளியூர் வருமானம் உள்ளவர். ஒருவர் பகிரங்கமாக நின்றால் அடுத்தவருக்குத் துணிச்சல் வரும்.

மே மாதம் பழி தானாகவே இடம் மாறியது. சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5-ஆம் தேதி அதை மூடினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளிகளைப் பார்த்து ஓடினார்கள். ஜூனில் சென்னையிலிருந்து வந்த எவரும் ஆகாதவர். மருத்துவர்களைக்கூட விடவில்லை, ஏப்ரலிலேயே சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லால் அடித்தார்களே. என் கடைக்கு ஆட்கள் பழையபடி வர ஆரம்பித்தது எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். தரவில்லை. எங்கள் அடுத்த தெருவுக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் பெரியவருக்குக் காய்ச்சல். ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், ஊர் ஒதுக்கிவிடும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே கஷாயம் குடித்துக் கிடந்தார். மூச்சு வாங்கிய பிறகுதான் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. பழி போட்டால் நோய் ஓடிப்போகாது. ஒளிந்துகொள்ளும். எங்கள் ஊரில் முதல் சாவு அப்படித்தான் நடந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அழுகிப்போன சரக்கு, கட்ட முடியாத கடனுக்கு வட்டி, கடை வாடகை எல்லாம் சேர்த்து எனக்குச் சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம் போனது. மனைவியின் வளையல்களை அடகு வைத்தேன், மீட்க இரண்டு வருடத்துக்குமேல் ஆனது. சரக்கை ஒரே லோடாக இறக்காமல் சின்னச் சின்னதாக எடுப்பது, ஒரே ஊர் வாடிக்கையை மட்டும் நம்பாமல் பக்கத்து ஊர் ஹோட்டல் ஒன்றுக்காவது தொடர்ந்து கொடுப்பது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பெயரைப் பார்த்தே வாங்காமல் போகிற நாள் வந்தால், உங்களை முகம் பார்க்காமல் வாங்குகிற ஒரு இடம் கைவசம் இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, பேரிடர் வரும்போது அரசு பலிகடாவைத் தேடுகிறது, இவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்று தீர்ப்பில் எழுதியது. அதை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பேசவில்லை, போனை வாங்கி மறுபடி மறுபடி படித்தார்.

2024 தொடக்கத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், எல்லாம் வடநாட்டு ஆட்கள் என்று மறுபடி வாட்ஸப்பில் ஓடியது. எங்கள் பேருந்து நிறுத்தத்தில் பானிபூரி விற்கும் பீகார் பையனைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. 2018 மே மாதம் போளூர் பக்கத்தில் அத்திமூரில், கோயிலுக்கு வந்த வயதான அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டது எனக்கு நினைவு வந்தது. முதலில் 100-க்குப் போன் செய்துவிட்டு அப்புறம்தான் கூட்டத்துக்குள் போனேன். அந்த வரிசை முக்கியம், உள்ளே போனபின் போன் செய்ய விட மாட்டார்கள். பையனுக்காக வாதாடவில்லை. “யார் வீட்டுப் பிள்ளையைக் காணோம்? பேர் சொல்லுங்க, தேடுவோம்” என்று மட்டும் சத்தமாகத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒருவரிடமும் பெயர் இல்லை. போலீஸ் வண்டி வருவதற்குள் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். அந்தப் பையனின் ஆதார் நகலும், அவனை வேலைக்கு வைத்திருப்பவரின் கைபேசி எண்ணும், அவன் வீட்டு எண்ணும் இப்போது என் கல்லாவில் இருக்கின்றன. உங்கள் தெருவில் வெளியூர்ப் பையன்கள் யாராவது தங்கி வேலை செய்தால் நீங்களும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். கூட்டம் கூடிய பிறகு அதைத் தேட நேரம் இருக்காது.